காற்றைக் குளிப்பாட்டிய என்ஜினீயர்

காரைக்கால் கடலோர ஊர். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்துவிட்டால் தெருவெல்லாம் கூட்டம். வெயில் ஒரு பக்கம். கடலில் இருந்து வரும் ஈரக் காற்று இன்னொரு பக்கம். சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். சாடியில் வைத்த உப்பு கசியும். பொரித்த அப்பளம் சற்று நேரத்தில் நமுத்துப்போகும்.

இந்தப் புழுக்கத்தில் ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்தால், அப்பாடா! உள்ளே ஜிலுஜிலு என்று இருக்கிறது.

அந்தக் கடையின் பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பார்த்தால் ஒரு வேடிக்கை. சுவரில் இருந்து ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டு இருக்கிறது. அதில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீழே வைத்த வாளி நிறைகிறது.

குளிர் எந்திரத்துக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பிறகு அந்தத் தண்ணீர் எங்கே இருந்து வந்தது?

காற்றில் இருந்து!

ஐஸ் தண்ணீர் நிரம்பிய டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வியர்ப்பதைப் பார்த்து இருக்கிறோம் அல்லவா? அதே தண்ணீர்தான் இது. காற்றுக்குள் ஒளிந்து இருக்கும் இந்த ஈரத்தைக் கணக்குப் போட்டுப் பிடித்தார் ஓர் அமெரிக்க என்ஜினீயர். அவர் பெயர் வில்லிஸ் கேரியர்.

ஆப்பிள் பழத்தில் கணக்கு

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ஏரி என்ற பெரிய ஏரிக்கரையின் அருகே அங்கோலா என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில், 1876-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி கேரியர் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை.

பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு அவருக்குத் தலைவலியாக இருந்தது. அரை, கால், அரைக்கால் என்றாலே முழித்தார். தாயார் எலிசபெத் அவரைத் திட்டவில்லை. நிலவறைக்குப் போய் ஒரு சட்டி ஆப்பிள் பழம் கொண்டுவரச் சொன்னார். பழத்தை இரண்டாக நறுக்கினார்; நான்காக நறுக்கினார்; எட்டாக நறுக்கினார். துண்டுகளைக் கூட்டவும் கழிக்கவும் சொன்னார். பையனுக்குக் கணக்கு விளங்கிவிட்டது.

அந்த அம்மாளுக்கு இன்னொரு கைத்திறமையும் உண்டு. கடிகாரம் நின்றுவிட்டால் அவரே பிரித்துச் சுத்தம் செய்வார். தையல் எந்திரம் மக்கர் பண்ணினால் அவரே சரிப்படுத்துவார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். கேரியருக்கு 11 வயது ஆனபோது தாயார் இறந்துபோனார்.

வீட்டில் பணம் இல்லை. ஆனாலும் படிப்பை அவர் விடவில்லை. உபகாரச் சம்பளம் பெற்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சாப்பாட்டுச் செலவுக்காகப் புல் வெட்டினார். பிறர் வீட்டு அடுப்புகளுக்குக் கரி போட்டார். 1901-ம் ஆண்டு என்ஜினீயர் பட்டம் பெற்றார்.

பஃபலோ நகரில் பெரிய காற்றாடிகளும் வெப்ப எந்திரங்களும் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

கன்னத்தில் விழுந்த உதட்டுச் சிவப்பு

வேலையில் சேர்ந்து ஓர் ஆண்டு ஆவதற்குள் ஒரு சிக்கல் அவரிடம் வந்தது.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் வில்ஹெம்ஸ் என்ற அச்சகம் இருந்தது. வண்ணப்படம் அச்சிடுவது அவர்கள் தொழில். அந்தக் காலத்தில் ஒரே காகிதத்தைப் பல முறை எந்திரத்தில் விட வேண்டும். மஞ்சளுக்கு ஒரு முறை, சிவப்புக்கு ஒரு முறை, நீலத்துக்கு ஒரு முறை.

கோடை காலத்தில் காற்றில் ஈரம் கூடும். காகிதம் அந்த ஈரத்தைக் குடித்துத் தலைமயிர் அளவு விரியும். மறுநாள் காற்று உலர்ந்தால் சுருங்கும். விளைவு? உதட்டுக்குப் போட வேண்டிய சிவப்பு கன்னத்தில் விழுந்தது! அச்சடித்த தாளெல்லாம் குப்பைக்குப் போயிற்று.

நம் சிவகாசிக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். அந்த ஊரில் தீப்பெட்டியும் காலண்டர் அச்சும் வளர்ந்ததற்கு அங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். அதே அச்சகத்தைக் காரைக்காலில் வைத்து இருந்தால், புரூக்ளின் முதலாளி பட்ட பாட்டைத்தான் பட்டு இருப்பார்கள்.

காற்றில் உள்ள ஈரத்தைக் குறைக்க வழி உண்டா? கேரியர் வானிலை இலாகாவின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார். குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தினால், ஈரம் குழாயில் வியர்த்து வடிந்துவிடும். உலர்ந்த காற்று வெளியே வரும் என்று கண்டார். எத்தனை குழாய், எவ்வளவு குளிர், எவ்வளவு காற்று என்று கணக்குப் போட்டார். 1902-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி வரைபடம் தயார் ஆனது. அப்போது அவருக்கு வயது 25. காரைக்காலில் அன்று பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்துகொண்டு இருந்தது.

அந்த அமைப்பின் குளிர்ச்சி, ஒரு நாளைக்கு 1 லட்சத்து 8 ஆயிரம் ராத்தல் ஐஸ் உருகுவதற்குச் சமம். ஒரு டன், ஒன்றரை டன் என்று இன்று கடையில் சொல்கிறார்களே, அது எந்திரத்தின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுவே ஒரு டன் குளிர்ச்சி. காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் படகில் ஏற்றும் ஐஸ் கட்டிகளை நினைத்துக்கொண்டால் கணக்கு எளிதில் விளங்கும்.

ரெயில் நிலையத்தில் பிறந்த யோசனை

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள் இரவு. பிட்ஸ்பர்க் ரெயில் நிலையத்தில் கேரியர் ரெயிலுக்காகக் காத்து நின்றார். எங்கும் பனி மூட்டம்.

மூட்டத்தைப் பார்த்தபடியே யோசித்தார். பனி மூட்டம் என்பது ஈரம் தளும்பி நிற்கும் காற்று. ஆனால் குளிர்ந்த காற்று ஆகையால், மொத்தத்தில் அதில் உள்ள தண்ணீர் கொஞ்சம்தான். வேண்டிய குளிரில் ஒரு செயற்கை மூட்டத்தை உண்டாக்கினால்? அதன் வழியே வரும் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதை மனிதனே தீர்மானிக்கலாம்!

குளிர்ந்த நீரைத் தூறலாகத் தெளித்து, அதற்குள் காற்றைச் செலுத்த முடிவு செய்தார். ஈரத்தைப் போக்கத் தண்ணீர் தெளிப்பதா? கேட்டவர்கள் சிரித்து இருப்பார்கள். ஆனால் கணக்கு பொய்க்கவில்லை. காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த துளிகளோடு சேர்ந்து இறங்கிவிட்டது. கூடவே தூசும் போயிற்று. காற்று குளித்துவிட்டு வந்தது!

1906-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி இதற்கு அவர் பேட்டண்ட் உரிமை பெற்றார். ஏர்கண்டிஷன் என்ற சொல் மட்டும் அவர் சூட்டியது அல்ல. பஞ்சாலைத் தொழிலில் இருந்த கிரேமர் என்ற இன்னோர் என்ஜினீயர் அதே ஆண்டில் சூட்டிய பெயர் அது. பஞ்சாலையில் சிக்கல் நேர் எதிர். காற்று உலர்ந்தால் நூல் அறுந்துபோகும். அங்கே ஈரத்தைக் கூட்ட வேண்டும். கோயம்புத்தூர் மில்களிலும் அதற்குத் தனி எந்திரம் உண்டு.

1911-ம் ஆண்டு, காற்றும் ஈரமும் வெப்பமும் ஒன்றோடு ஒன்று எப்படித் தொடர்பு கொண்டவை என்பதற்கான சூத்திரங்களை அமெரிக்க என்ஜினீயர்கள் சங்கத்தில் அவர் படித்தார். அந்தக் கணக்கில் இருந்து வந்த வரைபடத்தை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

மடியில் விழுந்த விசிறிகள்

முதல் உலகப்போர் வந்ததும், அவர் வேலை பார்த்த கம்பெனி இந்தப் பிரிவை நிறுத்திவிட்டது. கேரியரும் ஆறு நண்பர்களும் கையில் இருந்த சேமிப்பை எல்லாம் போட்டு, 1915-ம் ஆண்டு சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். நஷ்டம் வந்து இருந்தால் ஏழு குடும்பங்களும் தெருவுக்கு வந்து இருக்கும்.

அப்போதைய குளிர் எந்திரங்களில் அமோனியா வாயு ஓடியது. அது கசிந்தால் மூச்சுத் திணறும். கூட்டம் கூடும் இடத்தில் அதை வைக்க முடியாது. 1922-ம் ஆண்டு, ஆபத்துக் குறைந்த திரவத்தில் ஓடும் புது எந்திரத்தை அவர் செய்து காட்டினார்.

1925-ம் ஆண்டு கோடையில் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் அது பொருத்தப்பட்டது. முதல் நாள் எந்திரத்தை ஓட்டத் தாமதம் ஆகிவிட்டது. அரங்கு நிறைந்த பிறகு குளிர வைப்பது லேசான காரியமா? 2 ஆயிரம் பேர் உடம்பின் சூடும் சேர்ந்துகொள்ளுமே! ஜனங்கள் விசிறியும் கையுமாக வீசிக்கொண்டு இருந்தார்கள். கேரியரும் நண்பர்களும் பின்னால் நின்று தவித்தார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் பரவியது. வீசிய கைகள் ஓய்ந்தன. விசிறிகள் ஒவ்வொன்றாக மடியில் விழுந்தன. சினிமா முதலாளி அடால்ப் சூகர் மாடியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அடுத்த ஐந்து ஆண்டுகளில் சுமார் 300 தியேட்டர்களுக்கு இந்த வசதி வந்தது.

கணக்கில் புலியான கேரியருக்கு ஞாபக மறதி அதிகம். ஒரு முறை பெரிய பெட்டியோடு வெளியூர் போய்த் திறந்து பார்த்தால், உள்ளே ஒரே ஒரு கைக்குட்டைதான் இருந்ததாம்!

1950-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி அவர் காலமானார். 74 வயது நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தன.

எந்திரத்துக்கும் குளியல்

காற்றின் தூசையும் ஈரத்தையும் எந்திரம் பிடித்துக்கொள்கிறது. சரி. பிடித்த தூசும் நீரும் எங்கே போகும்? எந்திரத்துக்குள்தான் தங்கும். அதை மனிதன்தான் எடுக்க வேண்டும். இந்தப் பாடத்தை உலகம் சும்மா கற்கவில்லை. 1976-ம் ஆண்டு பிலடெல்பியா ஓட்டல் ஒன்றில் கூடிய பழைய படைவீரர்கள் பலருக்கு மர்மக் காய்ச்சல் கண்டது. முப்பது பேர் வரை மாண்டார்கள். தண்ணீரில் வளரும் ஒரு கிருமியே காரணம் என்று மறு ஆண்டு கண்டுபிடித்தார்கள். ஓட்டலின் குளிர் சாதன அமைப்பின் வழியே அது பரவியதாகக் கருதப்படுகிறது.

ஜவுளிக் கடையில் துணி உதறும்போது பஞ்சுத் தும்பு பறக்கிறது. அது எந்திரத்தின் வலையில் போய் அப்பிக்கொள்ளும். பதினைந்து நாள் விட்டாலே வலை கம்பளி மாதிரி ஆகிவிடும். காற்று உள்ளே போக வழி இல்லை. குளிர்க் குழாயில் வடிய வேண்டிய ஈரம் அங்கேயே ஐஸாக உறைந்துவிடும். கடை குளிராது.

உடனே கியாஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வார்கள். கியாஸ் என்ன, விளக்கெண்ணெயா எரிந்து தீர? மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்து இருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கியாஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். பல கடைக்காரர்கள் இந்த வகையில் வீணாகப் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

வடிகுழாயில் பாசி பிடித்தால் தட்டில் தேங்கிய நீர் வழிந்து கீழே இருக்கும் பட்டுப் புடவையில் சொட்டும். ஒரு சேலையின் விலைக்கு வடிகுழாயைப் பல முறை சுத்தம் செய்துவிடலாம்.

காரைக்காலில் இன்னொரு எதிரி, உப்பு. மொட்டை மாடியில் நிற்கும் வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளில் கடல் காற்று உப்பைப் பூசிவிட்டுப் போகும். தகடு பொடிந்து உதிரும். வெப்பம் வெளியேறாமல் எந்திரம் திணறும். மின்சாரக் கட்டணம் ஏறும்.

கெட்டிக்கார மெக்கானிக் முதலில் மின்சாரத்தை நிறுத்துகிறார். பிறகு நல்ல தண்ணீரை மெதுவாகத் தகடுகளின் மேல் விடுகிறார். வேகமாகப் பீச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். உள்ளே வலையைக் கழற்றி அலசி, நிழலில் உலர்த்துகிறார். வடிகுழாயை ஊதிப் பார்க்கிறார். எல்லாவற்றையும் மாட்டி எந்திரத்தை ஓடவிட்டு, நேரே பின்பக்கச் சந்துக்குப் போகிறார். அங்கே காலி வாளியின் பக்கத்தில் நின்று, முதல் சொட்டு விழும்வரை காத்து இருக்கிறார்.