ட்ரம்பெட்டை அடகு வைத்த கலைஞர்... மீட்டுக் கொடுத்த பெண்... ஒரு பனி இரவு! யார் இந்த லீ மார்கன்?

பழைய ஜாஸ் இசைத்தட்டு சேகரிக்கும் யாரிடமாவது 'தி சைட்விண்டர்' என்று சொல்லிப் பாருங்க, முகம் மலரும். 1964-ல் வந்த இந்த ஆல்பத்தை அமெரிக்காவின் ப்ளூ நோட் நிறுவனம் இன்றும் புது வினைல் தட்டாக அச்சிட்டு விற்கிறது. மறுபதிப்பு போதாது, முதல் பதிப்புதான் வேண்டும் என்பவர்கள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் 'வான் கெல்டர்' என்ற முத்திரை இருக்கணும். பக்கத்திலேயே காது மாதிரி வளைந்த ஒரு சின்னக் குறி இருக்கணும். முத்திரை, பதிவு செய்த ஒலிப்பொறியாளரின் பெயர். காது, தட்டை அச்சிட்ட ஆலையின் அடையாளம்.

இவ்வளவு அக்கறையா தேடப்படும் அந்தத் தட்டில் ட்ரம்பெட் வாசித்த லீ மார்கன், ஒரு கட்டத்தில் தன் ட்ரம்பெட்டையே அடகுக் கடையில் வைத்தவர். 33 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது, அவரைக் கைதூக்கிவிட்ட அதே பெண்.

18 வயதில் முதல் ஆல்பம்

1938 ஜூலை 10, பிலடெல்ஃபியாவில் பிறந்தார் மார்கன். முதல் ட்ரம்பெட் அக்கா எர்னஸ்டைன் கொடுத்த பரிசு. கிளிஃபோர்ட் பிரவுன் என்ற மேதையிடம் கொஞ்ச காலம் பாடம் கேட்டார். 1956-ல் பிரவுன் கார் விபத்தில் 25 வயதில் இறந்தார். அதே ஆண்டு டிஸ்ஸி கில்லஸ்பியின் பெரிய இசைக்குழுவில் மார்கனுக்கு இடம் கிடைத்தது, ப்ளூ நோட்டில் சொந்த ஆல்பமும் பதிவானது. அப்போது வயது 18.

அடுத்த ஆண்டு ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்'. அதற்கடுத்த ஆண்டு ஆர்ட் பிளேக்கி குழுவின் 'மோனின்'. ஜாஸ் தட்டு வாங்க ஆரம்பிக்கிறவங்க கையில் முதலில் சிக்கும் ஆல்பங்களில் இந்த இரண்டும் இருக்கும். இரண்டிலும் ட்ரம்பெட் இந்தப் பையன்தான்.

ஆனா, ஹெராயினும் கூடவே வந்தது. 1961-ல் பிளேக்கி குழுவை விட்டு ஊருக்கே திரும்பிப் போனார்.

ஹிட் கொடுத்தும் மாறாத வாழ்க்கை

1963-ல் மறுபடி நியூயார்க். அந்த டிசம்பர் 21-ம் தேதி, நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் 'தி சைட்விண்டர்' பதிவானது. தலைப்புப் பாடல் மட்டுமே பத்து நிமிடத்துக்கு மேல். கால் தானா தாளம் போடும். முதலில் அச்சிட்டது வெறும் 4,000 தட்டுகள்தான் என்பார்கள், சில நாளிலேயே காலி. கடைசியில் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 25-வது இடம் வரை போனது. கிரைஸ்லர் கார் கம்பெனி அனுமதி இல்லாமலே இதை டிவி விளம்பரத்தில் போட, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தியது.

அதன் பிறகு வந்த ஆல்பங்களில் இதே மாதிரி துள்ளல் பாட்டு ஒன்று முதலில் இருக்கும். வேறு மாதிரி வாசித்தவை காத்திருந்தன. 'சைட்விண்டர்' பதிவாகி இரண்டு மாதத்தில் பதிவான 'சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்' 1966-ல்தான் வந்தது. (என்னைக் கேட்டா, அவருடைய சிறந்த ஆல்பம் அதுதான்.) 1964-ல் பதிவான 'டாம் கேட்' 1980-ல், 1965-ல் பதிவான 'இன்ஃபினிட்டி' 1981-ல் வெளிவந்தன. இரண்டையுமே தட்டாகப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

ஹிட் பணமும் போதைக்கே போனது. 1967 வாக்கில் ஒரு குளிர்நாளில், இசைக்கலைஞர்களுக்குச் சமைத்துப்போட்டு எப்போதும் கதவு திறந்து வைத்திருக்கும் ஹெலன் என்பவரின் வீட்டுக்கு வந்தார். மேல்கோட்டு இல்லை. அதுவும் அடகுக் கடையில்! ஹெலன் முதலில் கோட்டை மீட்டார். அப்புறம் ட்ரம்பெட்டை. அவர் மார்கனைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். சிகிச்சைக்கு அனுப்பினார், கச்சேரி பேசினார், கூலியை எண்ணி வாங்கினார், நேரத்துக்குக் கிளப்பிவிட்டார். சட்டப்படி கல்யாணம் ஆகவில்லை என்றாலும் ஹெலன் மார்கன் என்றே எல்லோரும் அழைத்தார்கள்.

இதன் பலனைத் தட்டிலேயே கேட்கலாம். 1970 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சில் உள்ள 'லைட்ஹவுஸ்' கிளப்பில் மூன்று நாள் வாசித்தார். அப்போது வெளியானது நான்கே பாடல்கள், இரண்டு தட்டு. 2021-ல் ப்ளூ நோட் அந்த மூன்று நாளையும் முழுசா வெளியிட்டது, 12 தட்டுகள்! அதே 1970-ல், கறுப்பின ஜாஸ் கலைஞர்களை டிவியில் காட்டுவதே இல்லை என்று, நிகழ்ச்சி ஒளிப்பதிவாகும் அரங்குக்குள்ளேயே விசில் ஊதிப் போராடியவர்களில் மார்கனும் ஒருவர்.

அந்த இரவு

பிறகு மார்கனின் வாழ்க்கையில் இன்னொரு பெண் வந்தார். 1972 பிப்ரவரி 18 இரவு நியூயார்க்கில் கடும் பனி. 'ஸ்லக்ஸ்' கிளப்பில் மார்கனின் கச்சேரி. ஹெலன் அங்கே போனார். வாக்குவாதம் முற்றி, மார்கன் அவரை வாசலுக்கு வெளியே தள்ளினார். கைப்பையிலிருந்து துப்பாக்கி கீழே விழுந்தது. பாதுகாப்புக்காக மார்கனே கொடுத்த துப்பாக்கி அது என்று ஹெலன் பின்னாளில் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒரே குண்டு.

பனி மூடிய சாலையில் ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. 19-ம் தேதி அதிகாலை மார்கன் இறந்தார்.

ஹெலன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கொலையல்ல, மரணம் விளைவித்த குற்றம் என்றே வழக்கு முடிந்தது. சிறையில் இருந்தது கொஞ்ச காலம்தான். வட கரோலினாவின் வில்மிங்டனுக்குத் திரும்பி, சர்ச்சும் சேவையுமாக வாழ்ந்தார். வயது முதிர்ந்தவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தபோது, பாடம் நடத்தியவர் தற்செயலாக ஒரு ஜாஸ் பிரியர். இவர் யார் என்று தெரிந்ததும் பேட்டி கேட்டார். வருஷக்கணக்கில் நழுவிய ஹெலன், 1996 பிப்ரவரியில் ஒரு கேசட் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த மாதமே இறந்துபோனார்.

அந்த கேசட்டை வைத்து ஸ்வீடன் இயக்குநர் காஸ்பர் கோலின் எடுத்த ஆவணப்படம் 2016-ல் வந்தது. படம் முழுக்க ஹெலனின் குரல், இடையிடையே மார்கனின் ட்ரம்பெட்.