தட்சிணேசுவரத்தில் காளி ஆலயம் எழுப்பிய இராணி ராசமணி அம்மையார்

1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சுவாமி விவேகானந்தர் கொழும்பிலிருந்து புகையிரதத்தில் எமது கண்டி மாநகருக்கு வருகை தந்தார். இங்கு வரவேற்பை ஏற்றபின் மாத்தளை, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்றார். அன்னாரின் குருநாதர் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் காளி அன்னையைப் பூசித்த தலம் கல்கத்தாவுக்கு வடக்கே கங்கைக் கரையிலுள்ள தட்சிணேசுவரம் என்பதை அடியார்கள் அறிவர். அவ்வாலயத்தை எழுப்பியவர் ஒரு பெண்மணி என்பதும், அவர் தாழ்ந்த குலத்தவர் என்று ஒதுக்கப்பட்டவர் என்பதும் நம்மில் பலர் அறியாதவை. அம்பாளின் திருநாமம் தாங்கி வரும் இம்மலரில் அந்த அம்மையாரின் சரிதத்தைச் சிறிது காண்போம்.

வங்காளத்தில் ஹாலிசஹருக்கு அண்மையிலுள்ள கோனா என்னும் சிற்றூரில் 1793ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் ராசமணி பிறந்தார். உழவும் மீன்பிடியும் தொழிலாகக் கொண்ட கைவர்த்தர் குலம் அவருடையது. இராணி என்பது அரசபட்டம் அன்று. தாயார் செல்லமாக அழைத்த பெயர் என்பர். அத்தாயையும் இளவயதிலேயே இழந்தார். பதினொரு வயதில் கல்கத்தா ஜான்பஜாரைச் சேர்ந்த பெருஞ்செல்வர் ராஜசந்திர தாசருக்கு மணமுடிக்கப்பட்டார். பெண் மக்கள் நால்வர் பிறந்தனர். 1836இல் கணவர் காலமாகவே, அத்தனை பெரிய சொத்தையும் நிர்வகிக்கும் பொறுப்பு அம்மையாரின் தலையில் விழுந்தது. மருமகன் மதுர்பாபு அவருக்கு வலக்கையாக நின்றார்.

கங்கையில் மீன்பிடிக்க வெள்ளையர் அரசு வரி விதித்தபோது ஏழை மீனவர்கள் இவரிடமே வந்து அழுதனர். அம்மையார் விண்ணப்பம் எழுதிக்கொண்டு காத்திருக்கவில்லை. பணம் கட்டி ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டுவிட்டார் என்று அவர் சரிதம் கூறுகிறது. கப்பல்கள் நின்றன; வரி நீங்கியது.

1847இல் காசி யாத்திரைக்குப் படகுகள் ஆயத்தமாயின. புறப்படும் நேரத்தில் அன்னை கனவில் தோன்றி, காசிக்கு வர வேண்டாம், கங்கைக் கரையிலேயே ஆலயம் அமைத்து வழிபடு என்று பணித்ததாகச் சொல்வர். யாத்திரை நின்றது. தட்சிணேசுவரத்தில் ஆமை முதுகு போல் மேடான ஒரு நிலம் வாங்கப்பட்டது. அதில் ஒரு பகுதி ஆங்கிலேயருடையது. ஒரு பகுதி முஸ்லிம்களின் பழைய மையவாடி. சக்தி வழிபாட்டுக்கு அத்தகைய நிலமே உகந்தது என்பது தந்திர நூல்களின் கொள்கை. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் திருப்பணி நடந்தது. ஒன்பது சிகரங்களுடன் அன்னையின் கோயிலும், ஆற்றங்கரை ஓரமாகப் பன்னிரண்டு சிவாலயங்களும், ராதாகாந்தர் சந்நிதியும் எழுந்தன. செலவு 9 இலட்சம் ரூபாய் என்பர். திருவுருவம் வடிக்கப்பட்ட காலமெல்லாம் அம்மையார் மூவேளை நீராடி, விரத உணவு உண்டு, தரையில் படுத்தார்.

சோதனை இதன் பின்னரே வந்தது. அன்னைக்குச் சமைத்த அன்னம் படைக்க வேண்டும் என்பதே அம்மையாரின் பேராவல். ஆனால் அவர் குலத்தவர் கோயிலில் அன்னம் நிவேதிக்க இயலாது, அப்பிரசாதத்தை அந்தணர் உண்ணல் ஆகாது எனப் பண்டிதர்கள் மறுத்துவிட்டனர். அம்மனுக்குப் பொங்கிப் படைப்பதையே வழிபாடாகக் கொண்டு வாழும் நமக்கு அந்தத் தாயின் வேதனை எளிதில் புரியும். கோடிப் பணம் இருந்தும், தான் கட்டிய கோயிலில் ஒரு பிடி சோறு படைக்க வழியில்லை!

கல்கத்தாவில் பாடசாலை நடத்திவந்த ராம்குமார் சட்டோபாத்தியாயர் ஒருவரே வழி காட்டினார். ஆலயத்தை ஓர் அந்தணருக்குத் தானமாக்கி, அவர் பிரதிஷ்டை செய்து அன்னம் படைத்தால் குற்றமில்லை என்று அவர் எழுதி அனுப்பினார். அம்மையார் தம் குருவின் பெயரில் ஆலயத்தை அர்ப்பணித்தார். கட்டியவர் கையை விட்டுப் பெயரளவிலேனும் கோயில் போக வேண்டியிருந்தது நியாயமா என்று நாம் கேட்கலாம். அம்மையாருக்கோ அன்னை பசியாறுவதே பெரிதாயிருந்தது.

1855 மே 31ஆம் திகதி, ஸ்நான யாத்திரைப் பௌர்ணமியன்று, பவதாரிணி எனும் திருநாமத்துடன் அன்னை எழுந்தருளினாள். ராம்குமாரே பூசகரானார். அவருடன் வந்த பத்தொன்பது வயதுத் தம்பி அன்று கோயில் அன்னத்தைத் தொடவில்லை. கடையில் பொரி வாங்கித் தின்றுவிட்டு நடந்தே வீடு திரும்பினார். அந்தத் தம்பியே பின்னாளில் பரமஹம்சர்! தமையனார் 1856இல் மறைந்தபின் அன்னையின் பூசை அவர் கைக்கு வந்தது.

ஒருநாள் சந்நிதியில் அவர் பாடிக்கொண்டிருக்க, அம்மையாரின் மனம் ஒரு வழக்கைச் சுற்றி அலைந்தது. அதை உணர்ந்த இளம் பூசகர் எசமானியின் கன்னத்தில் அறைந்துவிட்டார். ஏவலர்கள் கொதித்தெழுந்தனர். அம்மையாரோ தவறு தம்முடையதே எனச் சொல்லி, பூசகருக்கு எத்தீங்கும் நேராது தடுத்தார். சங்கிலி போட்டுக் கப்பல்களை நிறுத்திய அதே அம்மையார்தான் இவர்.

நித்திய பூசைக்காக 1855இலேயே தினாஜ்பூரில் 2,26,000 ரூபாய்க்கு நிலங்கள் வாங்கியிருந்தும், தருமசாசனம் எழுதப்படாமலே இருந்தது. நோய் முற்றிய நிலையில் 1861 பெப்ரவரி 18ஆம் திகதி அதில் கையொப்பமிட்டார். அப்போது உயிரோடிருந்த மகளிர் இருவரில் இளையவர் ஜகதம்பா சம்மதக் கையொப்பம் இட்டார். மூத்தவர் பத்மமணி இடவில்லை. அந்தக் கவலை நெஞ்சை அரிக்க, மறுநாள் காளிகட்டத்து ஆதிகங்கைக் கரையில் அம்மையார் உயிர் நீத்தார். அஞ்சியவாறே பிற்காலத்தில் வாரிசுகளிடையே வழக்குகள் எழுந்தன. பவதாரிணிக்கு அன்ன நிவேதனம் மட்டும் இன்றும் நடைபெற்று வருகின்றது.