கிறிஸ்துமஸ் கதையில் குறத்தி வந்தது எப்படி? தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கதை

டிசம்பர் வந்தாலே தமிழ்நாட்டு தேவாலயங்கள் பலவற்றில் இரண்டு வகைப் பாட்டு கேட்கும். ஒன்று, ஜெர்மன் மெட்டில் போகும் ஞானப்பாட்டு. இன்னொன்று, நம்ம ராகத்தில், தாளத்தில் அமைந்த கீர்த்தனை. இந்த இரண்டாவது வகையை தமிழ் கிறிஸ்தவர்களிடம் நிலைக்க வைத்ததில் பெரும் பங்கு வேதநாயக சாஸ்திரியாருக்கு உண்டு.

ஜெர்மன் மெட்டு இங்கே எப்படி வந்தது?

1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் ஒரு லூத்தரன் பாதிரியார், ஜெர்மனிக்காரர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தங்கள் ஊர்ப் பாடல்களைத் தமிழாக்கி, மெட்டை மாற்றாமல் பாட வைத்தார்கள். அந்த லூத்தரன் இசை மரபில் பெரிய பெயர் மிகாயேல் பிரிட்டோரியஸ். ஏற்கெனவே மக்கள் பாடி வந்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு 1609-ல் அவர் அமைத்த நான்கு குரல் இசை இன்றும் உலகெங்கும் பாடப்படுகிறது. மக்கள் பாட்டை ஆராதனை இசையாக்கியவர் அவர். தஞ்சாவூரில் அதைச் செய்தவர்தான் சாஸ்திரியார்.

யார் இவர்?

1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சுமார் 12 வயதில் ஜெர்மன் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் இவரைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே ஷ்வார்ட்ஸிடம் படித்தவர்தான். படிப்பு முடிந்ததும் தஞ்சை மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியர் வேலை.

பெத்லகேம் குறவஞ்சியில் என்ன இருக்கு?

குற்றாலக் குறவஞ்சி நமக்குத் தெரியும். தலைவி காதலில் ஏங்குவாள், குறத்தி வந்து குறி சொல்வாள். 1800 வாக்கில் சாஸ்திரியார் இதே வடிவத்தைக் கையில் எடுத்தார். இவருடைய தலைவி தேவமோகினி, திருச்சபையின் உருவகம். அவள் ஏங்குவது பெத்லகேமில் பிறந்த கிறிஸ்துவுக்காக. சூரியனை கிரகங்கள் சுற்றுகின்றன என்ற அன்றைய புது வானியலையும் நடுவில் பாட்டாகவே சொல்லிவிட்டார்!

வேலை பறிபோனது ஏன்?

அடுத்து வந்த மிஷனரிகளோடு மோதல் வெடித்தது. ஆராதனையில் தமிழ்ப் பாட்டை ஒதுக்குவது, கல்யாணங்களில் பூவைத் தடுப்பது, பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவது ஆகியவற்றை இவர் எதிர்த்தார். இவற்றோடு, தேவாலயத்தில் எல்லா சாதியினரும் கலந்து உட்கார வேண்டும் என்பதையும் எதிர்த்தார். சபைக்குள் சாதிக்கு இடமே இல்லை என்றார்கள் மிஷனரிகள். 1829-ல் வேலை போனது. கைகொடுத்தவர் சரபோஜி.

பாட்டுக்காக நின்றதில் நியாயம் இருந்தது. சாதிக்காக நின்றதில் இல்லை. ஆனால் அவருக்கு இரண்டும் ஒரே 'தமிழ் வழக்கமாக' தெரிந்ததுதான் சிக்கல்.

இன்று என்ன மிச்சம்?

1864-ல் சாஸ்திரியார் மறைந்தார். 'சுவிசேஷக் கவிராயர்' என்ற பெயர் நிலைத்தது. பாட்டோடு கதை சொல்லும் அவரது மரபைக் குடும்பத்தினர் தலைமுறைகளாகத் தொடர்ந்தார்கள். யாரோடு சேர்ந்து உட்கார மறுத்தாரோ, அவர்களின் வாரிசுகளும் இன்று அவரது கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள்.