பீப்பாய்க்குள் போன கடிதம்

பிறந்த ஆறே நாளில் ஸ்காட்லாந்துக்கு ராணி ஆனவர் மேரி. ஆண்டு 1542. பிற்காலத்தில் பதவி போய், 1568-ல் சொந்தக்காரரான எலிசபெத் ராணியிடம் அடைக்கலம் கேட்டு இங்கிலாந்துக்கு ஓடி வந்தார். அவரோ மேரியை சுமார் 19 வருஷம் காவலில் வைத்துவிட்டார்.

மேரி சும்மா இருக்கலை. எழுத்துக்குப் பதில் குறிகள் போட்டு ரகசியக் கடிதம் எழுதினார். அதை பீர் பீப்பாய்க்குள் ஒளித்து அனுப்பினார்கள். யாருக்கும் புரியாதுன்னு நம்பி, 1586-ல் எலிசபெத்தைக் கொல்லத் திட்டம் போட்டவர்களுக்கே பதில் எழுதிட்டார். ஆனா பீப்பாய்க்காரரே எதிராளியிடம் காசு வாங்கியவர்! பிலிப்ஸ் என்பவர் குறிகளை உடைத்துப் படித்துவிட்டார். அந்தக் கடிதமே சாட்சியானது. 1587 பிப்ரவரி 8-ல் மேரியின் தலை வெட்டப்பட்டது. வயது 44.

தோழர் தோழிகளே, பூட்டாத பெட்டியில் யாரும் நகை வைக்க மாட்டோம். பூட்டு சரியில்லைன்னு தெரியாம வச்சாதான் போச்சு!

– 9ஆம் வகுப்பு மாணவி