1907-ல் மைக்ராஸ்கோப்பில் தெரிந்த 'குச்சி'... 85 வருஷம் கழித்து அவிழ்ந்த முடிச்சு! யார் இந்த ஜார்ஜ் விப்பிள்?

சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. எடை குறைந்துகொண்டே போகிறது. மூட்டுக்கு மூட்டு வலி, விடாத இருமல், மலத்தில் ஏகப்பட்ட கொழுப்பு. 1907-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு இப்படி வந்து சேர்ந்தவருக்கு வயசு வெறும் 36. அவரே ஒரு டாக்டர், மிஷனரியாக வேலை பார்த்தவர். என்ன நோய் என்று தெரியாமலே இறந்துபோனார்.

அவருடைய உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தவர்தான் ஜார்ஜ் ஹாய்ட் விப்பிள். அப்போது அவருக்கு 30 வயசுகூட ஆகவில்லை.

1878-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஆஷ்லேண்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர், தாத்தாவும் டாக்டர். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம், 1905-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் படிப்பு. முடித்ததும் அங்கேயே நோயியல் துறையில் சேர்ந்துவிட்டார்.

சரி, அந்தக் குடலில் அப்படி என்ன இருந்தது?

திசுவைக் கெட்டிப்படுத்தி, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றித்தான் மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். அப்படிப் பார்த்தபோது சிறுகுடல் சுவரிலும், பக்கத்து நிணநீர்க் கட்டிகளிலும் கொழுப்பு தேங்கிக் கிடந்தது. நுரை பொங்கின மாதிரி ஊதிப்போன செல்கள் வேறு. கொழுப்பைக் கையாள்வதில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, அதையொட்டியே நோய்க்குப் பெயர் வைத்தார் விப்பிள்.

ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெள்ளிச் சாயம் ஏற்றிய ஒரு கட்டியின் ஸ்லைடில், குச்சி குச்சியாக நிறைய கிருமிகள்! பார்த்ததை அப்படியே கட்டுரையில் எழுதினார். இதுதான் நோய்க்குக் காரணம் என்று மட்டும் அடித்துச் சொல்லவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு நோயாளி. எங்களைக் கேட்டால், அவர் நிறுத்திக்கொண்டது நியாயம்தான்.

அதன்பிறகு விப்பிள் வேறு வேலைக்குப் போய்விட்டார். நாய்களுக்கு ரத்தசோகை வரவைத்து, ஈரல் கொடுத்தால் ரத்தம் வேகமாக ஊறுவதைக் கண்டுபிடித்தார். அதற்காக 1934-ல் மைனாட், மர்ஃபி ஆகியோருடன் நோபல் பரிசு. ரோசெஸ்டர் மருத்துவக் கல்லூரியின் முதல் டீனும் இவர்தான்.

இந்தப் பக்கம் 1949-ல் ஒரு திருப்பம். பிஏஎஸ் என்ற சாயத்தை ஏற்றியதும் அந்த நுரை செல்கள் பளிச்சென்று மெஜந்தா நிறத்தில் தெரிந்தன. உள்ளே இருந்தது கொழுப்பே இல்லை! 1952-ல் ஒரு நோயாளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள், குணம் தெரிந்தது. 1961-ல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அதே குச்சிகளைத் தெளிவாகக் காட்டியது. 1992-ல் மரபணு சோதனை அது எந்த வகை பாக்டீரியா என்று சொன்னது. இன்று அந்தக் கிருமியின் பெயரிலேயே விப்பிள் இருக்கிறார்: 'ட்ரோஃபெரிமா விப்பிளி'.

1907-ல் குடலை வெட்டிப் பார்க்க நோயாளி இறக்க வேண்டியிருந்தது. இப்போது எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து கிள்ளி எடுக்கும் துணுக்கே போதும். அதே பிஏஎஸ் சாயம், அதே மெஜந்தா. கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கும் இந்த அரிய நோய்க்கு, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுத்தால் பிழைக்க வழி உண்டு.

1976-ல், 97 வயசில் விப்பிள் காலமானார். குச்சிகள் பாக்டீரியாதான் என்பது அவர் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. எந்த பாக்டீரியா என்பது மட்டும் தெரியவில்லை.

ஒரு சின்ன விஷயம். கணையப் புற்றுநோய்க்குச் செய்யும் 'விப்பிள் ஆபரேஷன்' என்று கூகுளில் வரும். அது ஆலன் விப்பிள் என்ற வேறொரு சர்ஜன் பெயரில் உள்ளது. குழம்பிவிடாதீர்கள்.