வரிக் கணக்கைப் புரட்டியவர்

ஒரு நாட்டில் பெருகும் செல்வம் எல்லோருக்கும் போய்ச் சேருகிறதா? பணக்காரர் வீட்டோடு நின்றுவிடுகிறதா? வாயால் வாதாடினால் போதாது, கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் சைமன் குஸ்நெட்ஸ்.

1901-ம் ஆண்டு பின்ஸ்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஊர். இப்போது பெலாரஸ் நாட்டில் இருக்கிறது. 1922-ல் அமெரிக்கா சென்றார். 1926-ல் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1929-ல் அங்கே பொருளாதார மந்தம் வந்தது. ஆலைகள் மூடின. லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். நாட்டின் வருமானம் எவ்வளவு குறைந்தது? சர்க்காரிடம் சரியான கணக்கு இல்லை. குஸ்நெட்ஸ் கணக்கிட்டார். மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது என்று 1934-ல் செனட் சபைக்கு அறிக்கை கொடுத்தார்.

மொத்தம் தெரிந்தது. யாருக்கு எவ்வளவு?

பந்திக் கணக்கு

அமெரிக்காவில் 1913 முதல் வருமான வரி உண்டு. ஆரம்பத்தில் வசதி படைத்தவர்களே வரி கட்டினார்கள். ஏழைகளின் பெயர் அந்த ஏட்டில் இல்லை. குஸ்நெட்ஸ் ஒரு வழி கண்டார். அண்டாவில் எவ்வளவு சோறு என்று தெரியும். முதல் பந்தியார் சாப்பிட்டது எவ்வளவு என்றும் தெரியும். மற்றவர்களுக்கு மிஞ்சியது எவ்வளவு என்று சொல்லிவிடலாம் அல்லவா?

1953-ல் நூல் வெளிவந்தது. 1920-களில் மேல்தட்டில் இருந்த பத்தில் ஒரு பங்கினர், நூறு டாலரில் 45 முதல் 50 டாலர் வரை பெற்றனர். 1940-களின் கடைசியில் அது 30 முதல் 35 ஆகக் குறைந்தது.

தொழில் வளரும்போது ஏற்றத்தாழ்வு முதலில் கூடும், பிறகு குறையும் என்று அவர் கருதினார். இதில் பெரும்பகுதி ஊகம்தான் என்று அவரே எச்சரித்தார். பலர் அந்த எச்சரிக்கையை மறந்தார்கள். வளர்ச்சி வந்தால் ஏற்றத்தாழ்வு தானாகவே தீரும் என்று நம்பினார்கள்.

1971-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1985-ல், 84-வது வயதில் காலமானார்.

பின்னால் வந்தவர்கள் அதே வரி ஏடுகளைப் புரட்டினார்கள். 1980-களிலிருந்து அமெரிக்கப் பணக்காரர்களின் பங்கு மறுபடி ஏறியது தெரிந்தது. 1922 முதல் 2000 வரையிலான இந்திய வரிக் கணக்கை அபிஜித் பானர்ஜியும் தாமஸ் பிக்கெட்டியும் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். இங்கும் 1980-களின் தொடக்கம் வரை குறைந்த பங்கு, பிறகு ஏறியிருந்தது.

குஸ்நெட்ஸின் ஊகம் நிலைக்கவில்லை. அவர் காட்டிய வழி நிலைத்தது. அவர் ஊகம் தவறு என்று காட்டியதும் அந்த வழியேதான்.