மன்ரேசாவில் மீண்ட மனிதர்



ஆண்டுதோறும் யூலை 31ஆம் திகதி திருச்சபை புனித லொயோலா இஞ்ஞாசியாரின் திருநாளைக் கொண்டாடுகின்றது. இயேசு சபையை நிறுவியவர், புனித பிரான்சிஸ் சவேரியாரை ஆண்டவர்பால் ஈர்த்தவர், ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூலைத் தந்தவர் என்றெல்லாம் நாம் அவரை அறிந்திருக்கின்றோம். ஆனால் இதே புனிதர் ஒரு காலத்தில் தம் உடலைத் தாமே வதைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தாலும் அலைக்கழிக்கப்பட்டவர் என்பதை நீங்கள் அறிவீர்களா?

1491ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பிரதேசத்தில் உயர்குடிக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையில் வாளும் வீரப்புகழும் அழகிய ஆடைகளுமே அவருடைய உலகமாய் இருந்தன. 1521ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி, பம்ப்லோனாக் கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டொன்று அவருடைய காலை நொறுக்கியது. பொருத்திய எலும்பு சீராகச் சேராமல் புடைத்து நின்றபோது, கால் அழகாய்த் தோன்றவேண்டும் என்பதற்காகவே அதனை அறுத்து எடுக்கச் செய்தார். அந்த வேதனையைப் பல்லைக் கடித்துத் தாங்கினார். நோய்ப்படுக்கையில் கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர்களின் வரலாற்றையும் வாசித்தபோதுதான் அவருடைய உள்ளம் திரும்பியது.

1522ஆம் ஆண்டு மார்ச் மாதம் மொன்செராத் திருத்தலத்தில் தம் வாளை அன்னை மரியாவின் பீடத்தருகே விட்டு, உயர்ந்த ஆடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்து, சாக்குத்துணி உடுத்தி, அருகிலிருந்த மன்ரேசா என்னும் ஊரை அடைந்தார். போர்வீரன் மறைந்துவிட்டான். ஆனால் அவனிடத்தில் வந்தவன் யார் என்பது அவருக்கே தெரியவில்லை.

முன்னர் அழகுக்காக எலும்பை அறுக்கச் செய்தவர், இப்போது புனிதத்திற்காக அதே உடலை வதைக்கத் தொடங்கினார். இறைச்சியையும் திராட்சை இரசத்தையும் விலக்கினார். முடியையும் நகங்களையும் வெட்டாமல் விட்டார். தம்மையே சாட்டையால் அடித்தார். நாளொன்றுக்கு ஏழு மணிநேரம் முழந்தாளிட்டார். இருப்பினும் அமைதி கிடைக்கவில்லை. ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களே மீண்டும் மீண்டும் மனத்தை அரித்தன. தெளிவான பாவமாயின் மட்டும் சொல்லுமாறு ஆன்ம குரு பணித்தார். ஆனால் அவருக்கோ எல்லாமே தெளிவான பாவமாகத் தோன்றின. பழைய பாவங்களைப் பற்றி இனிப் பேசவே வேண்டாமென்று குரு கட்டளையிட்டால் விடுதலை கிடைக்கும் என எண்ணினார். ஆயினும் அதைக் குருவிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

அந்நாள்களில்தான் தம்மை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் எண்ணம் பலமுறை அவரைத் தாக்கியது. இறைவனுக்கு விருப்பமற்றதைச் செய்யமாட்டேன் என்று கதறியழுது அவர் அதை எதிர்த்தார். பின்னர் இறைவன் மனமிரங்கும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் முழுவதும் பட்டினி கிடந்தார். இதனைக் குருவிடம் கூறியதும், உடனே உண்ணுமாறு அவர் கட்டளையிட்டார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார்.

அன்பர்களே, அவருடைய மீட்சி ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. இரண்டு நாள் அமைதிக்குப் பின் கலக்கம் மீண்டும் வந்தது. அப்போதுதான் அவர் ஓர் உண்மையைக் கண்டுணர்ந்தார்: தம்மைச் சின்னாபின்னமாக்கும் இக்குரல் இறைவனுடைய குரல் அன்று. மன்னிக்கப்பட்ட பாவங்களை இனிக் கிளறுவதில்லை என்று உறுதிபூண்டார். முடியையும் நகங்களையும் வெட்டிக்கொண்டார். கடும் நோயுற்றபோது அவ்வூர்ப் பெண்கள் அவரைப் பராமரித்தார்கள். குளிருக்கேற்ற ஆடையும் காலணியும் தலைக்கு அணியும் அணியச் செய்தார்கள். அவரும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். கர்டொனர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்த ஒருநாள், அவருடைய அகக்கண்கள் திறந்தன. தாம் புதியதொரு மனிதராகிவிட்டதாக உணர்ந்தார்.

மன்ரேசாவில் தொடங்கிய வயிற்றுநோவு பிற்காலத்திலும் அவரை வருத்தியது. ஆயினும் அத்துயரமே பிறருக்கு மருந்தாயிற்று. 1548இல் அச்சேறிய ஆன்மீகப் பயிற்சிகள் நூலில், தவம் உடல்நலத்தைக் கெடுத்தல் ஆகாது என்று எழுதினார். மனம் இருண்டிருக்கும் வேளையில் முன்னைய நல்ல தீர்மானத்தை மாற்றவேண்டாம் என்றும் கற்பித்தார். அதே ஆண்டில், கடுந்தவம் புரிந்துவந்த காந்தியா நகரக் கோமகன் பிரான்சிஸ் போர்ஜாவுக்குக் கடிதம் எழுதி, குருதி சிந்தும் தவங்களைத் தவிர்த்து, உடலைப் பேணுமாறு அறிவுறுத்தினார்.

முதலில் பிறர் கண்ணுக்கு அழகனாகவும், பின்னர் தம் கண்ணுக்குப் புனிதராகவும் தம்மைத் தாமே செதுக்க முயன்றார் அவர். இரண்டிலும் தோற்ற பின்னரே, தாம் இறைவனால் ஏற்கெனவே அன்புசெய்யப்பட்டவர் என்பதை ஏற்றுக்கொண்டார். அதுவே அவருடைய உண்மையான அடையாளம், நம்முடையதும் அதுவே.

நம் இல்லங்களிலும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கலாம். பெற்றோரே, வெட்கத்தாலோ கோபத்தாலோ அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து செவிமடுங்கள். தயங்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவ உதவியை நாடுவது விசுவாசக் குறைவு அன்று. கடும் மனத்துயர் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றே திருச்சபையும் கற்பிக்கின்றது.

இவ்விருளில் இப்போது நடந்துகொண்டிருப்பவர் நீங்களானால், இஞ்ஞாசியார் சொல்லத் தயங்கியதை நீங்கள் இன்றே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள். அவருக்கு விடியல் வந்தது தனிமையில் அன்று. குருவின் சொல்லிலும், அயலவரின் பராமரிப்பிலும், இறைவனின் பொறுமையான அன்பிலுமே வந்தது. அந்த அன்பு உங்கள் காயங்களையும் ஆற்றுவதாக.